மைக்ரோஆர்என்ஏ அட்டவணை ஒத்துவரவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

போன மாதம் தேவகோட்டையிலிருந்து ஒரு முனைவர் பட்ட மாணவி காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகப்பில் உட்கார்ந்ததும் மடிக்கணினியைத் திறந்துவிட்டாள்.

"அக்கா, ரெண்டு வருஷ டேட்டா. எதுவும் எதோடயும் சேர மாட்டேங்குது."

மைக்ரோஆர்என்ஏ என்பது மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் சின்னஞ்சிறு ஆர்என்ஏ இழை. கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயில் எந்தெந்த மைக்ரோஆர்என்ஏ கூடுகிறது, எது குறைகிறது என்பது அவள் ஆய்வு. கையில் ஐந்து வகைக் கோப்புகள்: மருத்துவமனையிலிருந்து வந்த மாதிரிப் பட்டியல், ஆர்என்ஏவின் அளவைக் காட்டும் நிகழ்நேர பிசிஆர் சோதனை முடிவுகள், டிசிஜிஏ என்ற அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் தரவுத் தொகுப்பிலிருந்து இறக்கியவை, பழைய ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து நகலெடுத்த அட்டவணைகள், இரத்தப் பிளாஸ்மா அளவீடுகள். சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்தோம். எண்கள் ஏறக்குறைய எல்லாமே சரியாகத்தான் இருந்தன. எந்த எண் யாருடையது, எதனுடையது என்பதுதான் குழம்பிக் கிடந்தது. அதற்கப்புறம் வேறு இரண்டு பேரும் இதே மாதிரிக் கோப்புகளோடு வந்துவிட்டார்கள். அதனால் எழுதி வைக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போங்கள்.

ஒன்று மட்டும் எல்லோருக்கும் பொது. கருவி கொடுத்த கோப்பு, தளத்தில் இறக்கிய கோப்பு, மருத்துவமனை அனுப்பிய தாள் மூன்றையும் "மூலம்" என்று ஒரு கோப்புறையில் போட்டு, படிக்க மட்டும் முடிகிற மாதிரி பூட்டிவிடுங்கள். திருத்தம் எல்லாம் நகலில்தான். கீழே சொல்கிற பழுதுகளில் சிலவற்றுக்கு மூலத்துக்குத் திரும்பிப் போவதைத் தவிர வேறு மருந்தே கிடையாது.

இரண்டு அட்டவணையைச் சேர்த்தால் ஒரு வரிகூடப் பொருந்தவில்லை

இது பயப்பட வேண்டிய அறிகுறி இல்லை. ஒன்றுமே பொருந்தவில்லை என்றால் கோளாறு எழுத்துகளில் இருக்கிறது, உயிரியலில் இல்லை.

முதல் சந்தேகம், புள்ளியியல் கணக்குக்குப் பயன்படும் ஆர் என்ற கணினி மொழி மேல். அட்டவணையைப் படிக்கும்போது பத்தித் தலைப்புகளில் உள்ள குறுங்கோட்டை எல்லாம் அது புள்ளியாக மாற்றிவிடும். டிசிஜிஏ மாதிரி எண் தலைப்பாக இருந்தால் கோடுகள் போய்ப் புள்ளிகள் நிற்கும். மற்ற கோப்பில் கோடுகள் அப்படியே இருக்கும். படிக்கும் கட்டளையில் செக்-நேம்ஸ் என்பதை ஃபால்ஸ் என்று வைத்தால் தீர்ந்தது.

இரண்டாவது, பிடிஎஃப் கட்டுரையிலிருந்து நகலெடுத்த பெயர்கள். அச்சில் வரும் நீளக் கோடும் விசைப்பலகையில் தட்டும் குறுங்கோடும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் இடைவெளியும் அப்படித்தான். இடைவெளியைக் கண்ணால் தேடாதீர்கள், எழுத்துகளை எண்ணச் சொல்லுங்கள். மனித மிர்-21-5பி என்ற மைக்ரோஆர்என்ஏவின் முழுப் பெயர் (hsa-miR-21-5p), முன்னால் வரும் ஹெச்எஸ்ஏ-வும் கோடுகளும் சேர்த்து, ஆங்கிலத்தில் சரியாக 13 எழுத்து. எக்செல்லின் லென் சூத்திரம் 14 என்று சொன்னால் வால் பக்கம் ஒரு வெற்றிடம் ஒளிந்திருக்கிறது. அந்த மாணவியின் கோப்பில் ஒரு கட்டுரையிலிருந்து வந்த பெயர்கள் அத்தனையும் ஒவ்வொரு எழுத்து கூடுதலாக இருந்தன. ட்ரிம் போட்டதும் முக்கால்வாசி சேர்ந்துகொண்டது.

பாதி பொருந்துகிறது, பாதி பொருந்தவில்லை

இதுதான் உண்மையான தலைவலி. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எங்கள் பக்கத்தில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். அதனால்தான் நகரத்தார் வணிகத்தில் விலாசம் என்று ஒன்று வந்தது: முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை அடுக்கி எழுதுவது. அதைப் பார்த்தாலே எந்த வீடு, எந்தக் கிளை என்று தெரிந்துவிடும். மைக்ரோஆர்என்ஏவின் பெயரும் ஒரு விலாசம்தான். ஒவ்வொரு துண்டுக்கும் பொருள் உண்டு.

மனித மிர்-200சி-3பி என்பதைப் பிரித்துப் பார்க்கலாம். ஹெச்எஸ்ஏ என்றால் மனிதன். மிர் என்பதில் கடைசி ஆர் பெரிய எழுத்தாக இருந்தால் முதிர்ந்த, ஏறத்தாழ 22 எழுத்து நீளமுள்ள இழை. சின்ன எழுத்தாக இருந்தால் அதைப் பெற்றெடுக்கும் கொண்டை ஊசி வடிவ முன்னோடி. 200 என்பது பெயரிட்ட வரிசை எண். சி என்பது 200ஏ, 200பி என்று நெருங்கிய உறவுகள் இருக்கின்றன என்பதைச் சொல்கிறது. 3பி என்பது ஊசியின் எந்தக் கையிலிருந்து வந்தது என்பதற்கான அடையாளம். எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக மாற்றினால் சேர்ந்துவிடும் என்று செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சேரும்தான், ஆனால் முன்னோடியும் முதிர்ந்ததும் ஒன்றாகக் கலந்துவிடும்.

சிக்கல் பழைய கட்டுரைகளில். அப்போது அதிகமாகக் கிடைத்த இழைக்குச் சும்மா பெயர், குறைவாகக் கிடைத்ததற்கு நட்சத்திரக் குறி. பிற்பாடு நட்சத்திரத்தை விட்டுவிட்டு 5பி, 3பி என்று மாற்றினார்கள். "அப்போ பழைய பேருக்கெல்லாம் பின்னால 5பி போட்டுடலாமா அக்கா?" என்று அவள் கேட்டாள். கூடாது. பழைய மிர்-21 இன்றைய மிர்-21-5பி. பழைய மிர்-200சி இன்றைய மிர்-200சி-3பி. நட்சத்திரம் போட்டதுதான் 5பி. ஒன்றுக்கு இந்தக் கை, ஒன்றுக்கு அந்தக் கை. மிர்-429 இன்றும் கைக்குறி இல்லாமலே இருக்கிறது. மிர்-451 என்று இருந்தது மிர்-451ஏ ஆகிவிட்டது. ஊகித்துப் போட்டால் சில பெயர்கள் சரியாகவும் சில தவறாகவும் விழும். எது தவறு என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

தீர்வு இருக்கிறது. மைக்ரோஆர்என்ஏக்களின் பதிவேடான மிர்பேஸ் ஒவ்வொரு முதிர்ந்த இழைக்கும் ஒரு மாறாத எண் கொடுத்திருக்கிறது. மிமேட் என்று தொடங்கும், பின்னால் ஏழு இலக்கம். மிர்-21-5பிக்கு 0000076, மிர்-200சி-3பிக்கு 0000617, மிர்-205-5பிக்கு 0000266. பெயர் எத்தனை முறை மாறினாலும் இந்த எண் கூடவே வரும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் பித்தளை அண்டா, தூக்குவாளி எல்லாம் கிடக்கும். விளிம்பை விரலால் தடவினால் வெட்டின எழுத்துகள் தட்டுப்படும். கல்யாணச் சாமானில் வெட்டிக் கொடுத்த விலாசம் அது. வீட்டை விட்டு வந்து, கை மாறி, புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மங்கியும் அந்த எழுத்து போகவில்லை. உங்கள் அட்டவணையில் மிமேட் எண் அப்படி இருக்க வேண்டும்.

ஆக, தனியாக ஒரு பெயர்ப் பேரேடு போடுங்கள். மிமேட் எண், இன்றைய பெயர், கட்டுரையில் வந்த பெயர், எழுத்து வரிசை, எந்த மிர்பேஸ் பதிப்பு என்று ஐந்து பத்திகள். 2018 அக்டோபரில் வந்த 22.1 பதிப்பை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். அதில் மனிதனுக்கு 1,917 முன்னோடிகள், 2,654 முதிர்ந்த இழைகள் இருக்கின்றன. பெயரில் சந்தேகம் வந்தால் கட்டுரையின் பிற்சேர்க்கையில் உள்ள எழுத்து வரிசையை எடுத்துப் பொருத்துங்கள். எழுத்து வரிசை சொல்வதுதான் முடிவு.

சில பெயர்கள் எங்கு தேடினாலும் கிடைக்காது. மிர்-720 அப்படி ஒன்று. அது உண்மையில் ஒரு கடத்தி ஆர்என்ஏவின் துண்டு என்று தெரிந்ததும் பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்த வரியை அழிக்காதீர்கள். "நீக்கப்பட்டது" என்று குறித்து, கணக்கில் சேர்க்காமல் ஓரமாக வையுங்கள். அழித்துவிட்டால் அடுத்த வருடம் வேறொருவர் அதே கட்டுரையைப் படித்துவிட்டு அதைத் திரும்பவும் சேர்ப்பார்.

இறக்கிய கோப்பில் 5பி, 3பி எதுவுமே இல்லை. பெயர்கள் -1, -2 என்று முடிகின்றன

தவறான கோப்பை எடுத்திருக்கிறீர்கள். டிசிஜிஏ தரவைத் தரும் தளத்தில் ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு மைக்ரோஆர்என்ஏ கோப்புகள் இருக்கும். ஒன்று முன்னோடி அளவில் எண்ணியது. இன்னொன்று, ஐசோஃபார்ம் என்று பெயரில் வருவது, முதிர்ந்த இழை அளவில் பிரித்துத் தருகிறது. அதில்தான் மிமேட் எண் இருக்கும். அந்த எண் வாரியாகக் கூட்டினால் உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

லெட்-7 என்பதும் ஒரு மைக்ரோஆர்என்ஏ குடும்பம்தான். லெட்-7ஏ-1, லெட்-7ஏ-2, லெட்-7ஏ-3 என்று மூன்று வரிகள் இருந்தால் அவை மூன்று வேறு வேறு உயிர்க்குறியீடுகள் இல்லை. 9, 11, 22 ஆகிய மூன்று குரோமோசோம்களில் இருக்கும் மூன்று மரபணுக்கள் ஒரே முதிர்ந்த இழையைத் தருகின்றன. கையில் கிடைத்த இழை எந்த வீட்டுப் பிள்ளை என்று வாசிப்பைப் (வரிசைமுறைக் கருவி படித்துத் தரும் துண்டைப்) பார்த்துச் சொல்ல முடியாது. "மூன்று லெட்-7 குறைந்திருக்கின்றன" என்று எழுதியதை நான் பார்த்திருக்கிறேன், குறைந்தது ஒன்றுதான்.

லெட்-7ஏவுக்கும் லெட்-7சிக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு எழுத்து, பத்தொன்பதாவது இடத்தில். பொருத்தும் மென்பொருள் ஓர் எழுத்துப் பிழையை அனுமதித்தால் இரண்டும் ஒன்றில் ஒன்று கலக்கும். எத்தனை பிழை அனுமதித்தீர்கள் என்பதைக் கோப்போடு எழுதி வையுங்கள். ஒரு தொகுதிக்கு பூஜ்யம், இன்னொன்றுக்கு ஒன்று என்று வைத்துவிட்டு ஒப்பிடவே கூடாது.

மாதிரி எண் தேதியாகிவிட்டது

"3-5" என்று நோயாளி எண் வைத்திருப்பீர்கள். எக்செல் அதை மே 3 ஆக்கிவிடும். "2இ3" என்று ஆங்கில எழுத்தில் எழுதினால் 2000 ஆகும். "007" என்றால் வெறும் 7. இலக்கு மரபணுப் பட்டியலிலும் இதே கதைதான். செப்டின் மரபணுக்கள் செப்டம்பராகவும் மார்ச் என்று தொடங்குபவை மார்ச் மாதமாகவும் மாறி, கடைசியில் 2020-ல் மரபணுப் பெயரிடும் குழு பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. 2023-ல் எக்செல்லும் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தி வைக்கும் வசதியைக் கொடுத்துவிட்டது. ஆனால் அது உங்கள் கணினியில் நிறுத்தப்பட்டிருக்கிறதா, அனுப்பியவர் கணினியில் நிறுத்தப்பட்டிருந்ததா என்பது வேறு கேள்வி.

மாறியதைக் கையால் திருத்தாதீர்கள். மே 3 என்று நிற்பது முதலில் 3-5 ஆகவும் இருந்திருக்கலாம், கணினியின் தேதி அமைப்பைப் பொறுத்து 5-3 ஆகவும் இருந்திருக்கலாம். இரண்டுமே நோயாளி எண் என்றால் ஒருவருடைய கட்டியின் அளவு இன்னொருவர் பெயரில் ஏறிவிடும். மூலக் கோப்புக்குப் போங்கள். சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், டேட்டா பட்டியில் ஃப்ரம் டெக்ஸ்ட் வழியாக உள்ளே கொண்டுவந்து, எண் பத்தியை டெக்ஸ்ட் என்று குறித்துவிட்டு ஏற்றுங்கள். புதிதாக எண் வைப்பவர்கள் எழுத்தில் தொடங்கி, நடுவில் கோடு இல்லாமல், ஒரே நீளத்தில் வையுங்கள்.

ஊரெல்லாம் கூடுகிறது என்கிறது, என் கணக்கில் குறைகிறது

கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயில் மிர்-200 குடும்பமும் மிர்-205-உம் கூடுகின்றன என்று பல ஆய்வுகள் ஒத்துச் சொல்லியிருக்கின்றன. உங்கள் முடிவில் அவை எல்லாம் சேர்ந்து தலைகீழாக நின்றால், புதுக் கண்டுபிடிப்பு என்று எழுத உட்காரும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள்.

பிசிஆர் தரவு என்றால் சிடி எண் (எத்தனையாவது சுழற்சியில் பொருள் தென்பட்டது என்ற எண்) குறையக் குறைய அளவு கூடுதல் என்பதை நினைவில் வையுங்கள். சிடி ஒன்று குறைந்தால் பொருள் ஏறக்குறைய இரு மடங்கு. சூத்திரத்தில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போனால் முழு அட்டவணையும் புரண்டுவிடும். இதைவிட மோசமானது, கருவி "கண்டறியப்படவில்லை" என்று எழுதிய இடங்களில் யாராவது பூஜ்யம் போட்டுவிடுவது. சிடி பூஜ்யம் என்றால் கணக்கில் அது கற்பனைக்கே எட்டாத அதிக அளவு. ஒரு துளிகூட இல்லாத மாதிரி முதலிடத்துக்கு வந்துவிடும். அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், அல்லது சுழற்சியின் உச்ச எண்ணான 40-ஐப் போடுங்கள். எது செய்தாலும் எல்லா மாதிரிக்கும் ஒரே முறை, அதைக் குறிப்பில் எழுத வேண்டும்.

வாசிப்புத் தரவு என்றால் ஆர் மொழியின் அகரவரிசைப் பழக்கத்தைப் பாருங்கள். இரண்டு குழுக்களில் ஆங்கில அகரவரிசையில் எது முன்னால் வருகிறதோ அதை அது ஒப்பீட்டு அடிப்படையாக எடுத்துக்கொள்ளும். டியூமர், நார்மல் என்று பெயர் வைத்தால் நார்மல் முன்னால் வரும், எல்லாம் சரி. கேன்சர், கன்ட்ரோல் என்று வைத்தால் கேன்சர் முன்னால் போய்விடும். அப்போது முடிவு, புற்றுநோயை வைத்துப் பார்த்தால் இயல்புத் திசு எப்படி இருக்கிறது என்பதாக வரும். அந்த மாணவிக்கு நடந்தது இதுதான். ஒரு கோப்பு சரி, ஒரு கோப்பு தலைகீழ், இரண்டு வாரம் தூக்கம் போயிருக்கிறது. ரீலெவல் கட்டளையால் அடிப்படை எது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, கட்டுரைகளிலிருந்து எடுத்த எண்கள். ஒருவர் 0.5 என்று எழுதுவார், ஒருவர் -2 என்பார், இன்னொருவர் -1 என்பார். மூன்றும் ஒன்றுதான்: பாதியாகக் குறைந்தது. முதலாவது வெறும் விகிதம், இரண்டாவது குறியிட்ட மடங்கு, மூன்றாவது இரண்டின் அடிப்படையில் எடுத்த மடக்கை. மூன்றையும் ஒரே பத்தியில் போட்டுச் சராசரி எடுத்தால் வருவதற்குப் பொருளே இல்லை. எல்லாவற்றையும் மடக்கைக்கு மாற்றுங்கள், கட்டுரையில் இருந்த எண்ணையும் பக்கத்துப் பத்தியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முழு எண் இல்லை என்று மென்பொருள் மறுக்கிறது

டீசெக்2 போன்ற கருவிகளுக்கு மூல வாசிப்பு எண்ணிக்கைதான் வேண்டும். நீங்கள் பத்து லட்சத்துக்கு இத்தனை என்று சரிசெய்த பத்தியைக் கொடுத்திருக்கிறீர்கள். டிசிஜிஏ கோப்பில் இரண்டு பத்திகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ரீட் கவுன்ட் என்பதை எடுங்கள். தசமத்தை முழுமையாக்கிக் கொடுத்தால் கருவி வாயை மூடிக்கொள்ளும், ஆனால் முடிவு கெட்டுவிடும். அப்படிச் செய்யவே செய்யாதீர்கள்.

குறைந்தவற்றில் மிர்-143, மிர்-145 முதலிடத்தில் நிற்கின்றன

நல்ல முடிவு என்று மகிழ்வதற்குள் "இயல்பு" என்று எழுதிய மாதிரிகள் என்ன திசு என்று கேளுங்கள். இந்த இரண்டும் மென்தசைச் செல்களில் மிக அதிகம். மிர்-200 குடும்பமோ உறுப்புகளின் பரப்பைப் போர்த்தும் எபிதீலியச் செல்களுக்கு உரியது, கருப்பை உட்சுவரில் இருப்பது போன்றவை. இயல்பு மாதிரி என்று வெட்டியதில் கருப்பையின் தசைப் பகுதி கலந்திருந்தால் மிர்-143-உம் மிர்-145-உம் அங்கே அதிகமாகவும், மிர்-200 குறைவாகவும் தெரியும். புற்றுநோயே இல்லாவிட்டாலும் இதே வேறுபாடு வந்துவிடும். நீங்கள் அளந்தது உட்சுவருக்கும் தசைக்கும் உள்ள வித்தியாசத்தை.

இதனால்தான் "இயல்பு" என்ற ஒரு சொல்லோடு நிற்கும் பத்தியை நான் ஏற்பதே இல்லை. அது கட்டிக்குப் பக்கத்துத் திசுவா, வேறு காரணத்துக்காகக் கருப்பை எடுத்த பெண்ணுடையதா? மாதவிடாய் நின்றவரா, இல்லையென்றால் சுழற்சியின் எந்தப் பாதியில் எடுத்தது? உட்சுவர் மாதம் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும் திசு. அதன் மைக்ரோஆர்என்ஏவும் கூடவே மாறுகிறது. இந்த நோய் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகு வருவது. முப்பத்தைந்து வயதுப் பெண்ணின் சுவரோடு எழுபது வயது ஆச்சியின் கட்டியை ஒப்பிட்டால் வயதும் ஹார்மோனும் நோயும் ஒன்றாகக் கலந்து நிற்கும். திசு வகை, மாதவிடாய் நிலை, வயது, மெழுகில் பதித்த திசுவா உறைந்த திசுவா என்று நான்கு பத்திகளாவது வேண்டும். நோயியல் மருத்துவர் கண்ணாடித் தட்டைப் பார்த்துச் சொன்ன கட்டிச் செல் சதவீதம் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. போய்க் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

மாதிரிகள் நோயால் பிரியாமல் மருத்துவமனை வாரியாகவோ, ஆர்என்ஏ பிரித்த நாள் வாரியாகவோ பிரிந்து நிற்கிறதா? அதுவும் இதே குடும்பத்துச் சிக்கல்தான். கட்டி எல்லாம் ஒரு நாளிலும் இயல்பு எல்லாம் இன்னொரு நாளிலும் பிரித்திருந்தால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. இரண்டும் கலந்து செய்திருந்தால் எந்த நாள், எந்த மருத்துவமனை என்ற தொகுதியை ஒரு மாறியாகப் புள்ளியியல் கணக்கில் சேர்த்துச் சமாளிக்கலாம்.

பிளாஸ்மாவில் மிர்-451ஏ, மிர்-16, மிர்-486 எல்லாம் கூடியிருக்கின்றன

இரத்தச் சிவப்பணு உடைந்திருக்கிறது. இவை சிவப்பணுவில் நிறைந்து கிடப்பவை. குழாயை வேகமாகக் குலுக்கியிருக்கலாம், பிரிக்க நேரமாகியிருக்கலாம். மிர்-23ஏ-3பியின் சிடியிலிருந்து மிர்-451ஏயின் சிடியைக் கழித்துப் பாருங்கள். 7-ஐத் தாண்டினால் அந்த மாதிரியைச் சந்தேகக் குறியோடு தனியாக வையுங்கள். மிர்-16-ஐ ஒப்பீட்டு அளவுகோலாக வைத்திருந்தால் பாதிப்பு அந்த மாதிரியின் எல்லா எண்களிலும் இறங்கியிருக்கும்.

நோயாளிக் கணக்கு உதைக்கிறது

நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஐந்தொகை போட்டுப் பார்க்காமல் பேரேட்டை மூட மாட்டார்கள். பற்றும் வரவும் ஒத்து வந்தால்தான் எழுந்திருப்பார்கள். இங்கேயும் அப்படித்தான்: வந்த மாதிரிகள் எத்தனை, கழித்தவை எத்தனை, எந்தக் காரணத்துக்காக, மீதி எத்தனை. ஒவ்வொரு படியிலும் இந்த நான்கையும் எழுதினால் ஒரு நோயாளி எந்த இடத்தில் தொலைந்தார் என்று விரல் வைத்துக் காட்டலாம்.

டிசிஜிஏவில் கணக்கு உதைப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: மாதிரி எண்ணின் முதல் 12 எழுத்தை மட்டும் வெட்டி எடுத்திருப்பீர்கள். அது நோயாளியின் அடையாளம். அதற்கப்புறம் வரும் 01 என்பது முதன்மைக் கட்டி, 11 என்பது இயல்புத் திசு. 12-ஓடு நிறுத்தினால் ஒரே பெண்ணின் கட்டியும் இயல்பும் ஒரே பெயரில் வந்து, ஒன்று மற்றதை அழித்துவிடும். 15 எழுத்து வரை வைத்துக்கொள்ளுங்கள். கருப்பை கார்சினோசார்கோமா என்ற இன்னொரு வகைப் புற்றுநோய் அங்கே தனித் திட்டமாக இருக்கிறது. தேடும்போது இரண்டையும் சேர்த்து இறக்கிவிடாமல் பாருங்கள்.

ஒரே நிலை எண், வேறு வேறு நோய்

நோய் எவ்வளவு பரவியது என்று சொல்லும் நிலைப் பத்தியில் 1சி என்று இருந்தால் எந்த வருடத்து ஃபிகோ (சர்வதேச மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு) வகைப்பாடு என்று கேட்காமல் நகராதீர்கள். 1988 வகைப்பாட்டில் 1சி என்றால் கருப்பைத் தசையில் பாதிக்கு மேல் ஊடுருவியது. 2009-ல் அதை 1பி ஆக்கிவிட்டார்கள், 1சி என்ற பிரிவே இல்லாமல் போயிற்று. 2023-ல் 1சி திரும்ப வந்தது, ஆனால் பொருள் வேறு: தீவிரமான திசு வகை, உட்சுவரோடோ ஒரு பாலிப்போடோ நின்றுவிட்டது. ஆகவே பத்தித் தலைப்பிலேயே வருடம் இருக்கட்டும். பழையதைப் புதியதாக மாற்ற வேண்டுமென்றால் ஊடுருவிய ஆழமும் திசு வகையும் தனித்தனியாகக் கையில் வேண்டும். நிலை எண்ணை வைத்து மட்டும் மாற்ற முடியாது.

மூலக்கூறு வகையையும் தனிப் பத்தியில் வையுங்கள். 2013-ல் 373 கட்டிகளை ஆராய்ந்த டிசிஜிஏ குழு இந்த நோயை நான்காகப் பிரித்தது: போல் (POLE) என்ற மரபணுவின் மாற்றத்தால் பிறழ்வுகள் மிக மிக அதிகமானது, நுண்தொடர் நிலைத்தன்மை இழந்தது, நகல் எண் மாற்றம் குறைந்தது, நகல் எண் மாற்றம் மிகுந்தது. முதல் வகைக்கும் நான்காவதற்கும் நோயின் போக்கு முற்றிலும் வேறு. நான்கையும் கலந்து மைக்ரோஆர்என்ஏ சராசரி எடுத்தால் அது யாருக்குமே பொருந்தாத எண்ணாக நிற்கும்.

இலக்கு மரபணுப் பட்டியல் ஆயிரக்கணக்கில் நீள்கிறது

கணித்ததையும் சோதனையில் நிரூபித்ததையும் ஒன்றாகக் கொட்டியிருக்கிறீர்கள். டார்கெட்ஸ்கேன் தருவது கணிப்பு, மிர்டார்பேஸ் திரட்டுவது சோதனைச் சான்று. சான்று வகை என்று ஒரு பத்தி போட்டுப் பிரியுங்கள், போதும்.

அட்டவணையில் நோயாளியின் பெயர் இருக்கிறது

இதைப் பார்த்த கணமே மற்ற வேலையை நிறுத்துங்கள். அந்த மாணவியிடம் இருந்த மாதிரிப் பட்டியலில் பெயர், ஊர், வயது, அறுவை நடந்த தேதி, அலைபேசி எண் எல்லாம் இருந்தன. அவள் வேண்டுமென்று வைக்கவில்லை, வந்தது அப்படி.

பெயரையும் எண்ணையும் அழித்தால் போதும் என்று நினைக்கிறோம். செட்டிநாட்டில் அது போதாது. இங்கே ஊர்கள் சின்னவை. பெரிய வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன, இருப்பவர்களை ஒருவருக்கொருவர் தெரியும். ஊர்ப் பெயர், 71 வயது, இன்ன மாதம் கருப்பை எடுத்தார் என்று மூன்றும் ஒரு வரியில் இருந்தால் அந்தத் தெருவில் யாரும் இன்னார் என்று சொல்லிவிடுவார்கள். மாதவிடாய் நின்று பல வருடங்களுக்குப் பிறகு திரும்ப இரத்தம் பட்டதை வீட்டில் சொல்லவே கூச்சப்பட்டு, மாதக்கணக்கில் மறைத்து, பிறகு மகள் வற்புறுத்தி மருத்துவமனைக்கு வந்த பெண்கள் இவர்கள். ஆய்வுக்குத் திசு கொடுக்கச் சம்மதித்தார்கள். ஊர் அறியச் சம்மதிக்கவில்லை.

செய்ய வேண்டியது இது. ஊருக்குப் பதில் மாவட்டம், வயதுக்குப் பதில் ஐந்து வருட வகுப்பு, தேதிக்குப் பதில் கண்டறிந்த நாளிலிருந்து எத்தனை நாள் என்ற எண்ணிக்கை. பெயரையும் ஆய்வு எண்ணையும் இணைக்கும் சாவிக் கோப்பு தனியாக, கடவுச்சொல் போட்டு, நெறிமுறைக் குழு அனுமதித்த ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். அது உங்கள் மடிக்கணினியில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. அப்புறம், பெயரோடு இருந்த பழைய கோப்பு எந்தெந்த மின்னஞ்சலில், எந்தெந்த வாட்ஸ்அப் குழுவில், யார் யாருடைய பென்டிரைவில் போயிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அழிக்கச் சொல்லி, அழித்ததும் அந்தப் பெயருக்கு நேரே ஒரு குறி போடுங்கள். அன்றைக்கு அவள் முகப்பில் உட்கார்ந்தபடியே அந்தத் தாளை எழுதினாள். ஒன்பது பெயர்கள் வந்தன. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் ஏழு பேரைக் கூப்பிட்டுவிட்டாள்.